கம்பியில் ஒட்டிய ஆயில்

“பெரியவர் எதுக்கு உன்னை உக்கார வச்சாரு? அதை மட்டும் சொல்லு தங்கச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

வீரபாகு இதைக் கேட்டது காலைக் கஞ்சி நேரத்தில், மடத்துச் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு. உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

உலகம்மை அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வண்டி ஓட்டுற ஆவுடை ஊருக்குப் போயிருக்கான். டிராக்டர்ல ஆயிலும் தண்ணியும் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி” என்றாள்.

“நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்லுத?”

“பாத்துட்டு வாங்க. பேசுவோம்.”

கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடம் சின்ன மடம். மலைக்கு விறகு பொறுக்கப் போகிறவர்கள், தேன் எடுக்கப் போகிறவர்கள், உச்சிக் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள், யார் வந்து நின்றாலும் ஒரு சட்டி கஞ்சி உண்டு. எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. அந்தக் கஞ்சிக்கு நெல் மடத்து வயலில்தான் விளைந்தாக வேண்டும். விளையாத வருஷம் அடுப்பு எரியாது.

மடத்தை நடத்திவந்த பெரியவர் சித்திரையில் கண்ணை மூடினார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு எல்லாரையும் கூப்பிட்டார். தான் உட்காரும் பலகையைக் கையால் எட்டிப் பிடித்தார். அதை உலகம்மை பக்கமாகத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

வீரபாகு அந்த மடத்துக்கு வந்து சேர்ந்தபோது உலகம்மை பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பாள். பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவன் அவன். கடைசியில் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தபோது பீ மூத்திரம் எடுத்தவன் அவன். அவளோ டிராக்டர் ஓட்ட வந்தவள். ஓட்டத் தெரிந்த ஆள் மடத்தில் இல்லை என்று வந்து, அப்படியே தங்கிவிட்டவள்.

ஆனி பிறந்துவிட்டது. வீரபாகுவின் கண்ணுக்குள் அந்தப் பலகை இன்னும் அவள் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது.

“இன்னைக்குச் சொல்லலைன்னா நான் மூட்டையைக் கட்டிருவேன்” என்றான். “நான் போனா தனியாப் போக மாட்டேன். என்கூட வர இங்க ஆளு இருக்கு.”

உலகம்மை அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள்.

“வாய்க்கால்ல தண்ணி வந்திருக்கு. நாளைச் சாயந்தரம் நம்ம மடையை அடைச்சு அடுத்த ஊருக்குத் திருப்பிருவாங்க. அதுக்குள்ள வயலைச் சேறாக்கித் தொழி அடிச்சாகணும். நீங்கதான் அடிக்கணும். வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால ஆயிலும் தண்ணியும் பாருங்க.”

வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டான். போட்ட வேகத்தில் அது கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டு போனான்.

*

டிராக்டர் வாய்க்கால் கரைச் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பழைய வண்டி. சிவப்புப் பெயிண்டு எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் துரு வந்து, தானும் சிவப்புத்தானே என்று உட்கார்ந்திருந்தது. இருக்கையில் சாக்கை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

வீரபாகு இன்ஜின் பக்கவாட்டில் இருந்த ஆயில் கம்பியை வளையத்தில் விரலை விட்டு இழுத்தான். கம்பியின் அடியில் இரண்டு கோடு உண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆயில் போகக் கூடாது. மேல்கோட்டுக்கு மேலே ஏறக் கூடாது. இது மடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கம்பி முழுக்க ஆயில். இரண்டு கோட்டையும் தாண்டி மேலே வரைக்கும் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

கம்பியைத் திரும்பச் சொருகிவிட்டு வந்தான்.

“இருக்கு. நெறைய இருக்கு. இப்பச் சொல்லு.”

உலகம்மை கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்த ஆயிலைப் பாத்திய?”

“எந்த ஆயிலா? வண்டி ஆயிலைத்தான்.”

“கம்பியில ஒட்டியிருந்த ஆயிலா, உள்ள கெடக்குற ஆயிலா?”

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் காது மடல் சூடேறியது. கம்பியைத் துடைத்துப் பார்க்கவில்லை. உள்ளே கிடக்கும்போது தெறித்து மேலெல்லாம் ஒட்டியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

பின்னால் யாரோ இருமினார்கள். இருமலா, சிரிப்பா?

திரும்பிப் பார்க்காமல் போனான்.

*

இந்தத் தடவை கம்பியை உருவிச் சாக்குத் துணியால் துடைத்தான். பளபளவென்று ஆகும்வரை துடைத்தான். கடைசிவரை உள்ளே சொருகி, உருவினான்.

கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. நுனியில் ஒரு பொட்டு ஆயில்.

வீரபாகுவுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கோபத்தில் வருகிற சந்தோஷம். டிராக்டருக்கு ஆவுடை அவள் வைத்த ஆள். அவள் பலகையில் உட்கார்ந்த அன்றைக்கே சாவியை அவன் கையில்தான் கொடுத்தாள்.

கம்பியைக் கையில் பிடித்தபடியே நடந்தான். வழியெல்லாம் அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தான்.

“பாத்தியா? ஒரு சொட்டு இல்ல. ஆவுடை லட்சணம் இதுதான். இப்படியே ஓட்டியிருந்தா இன்ஜின் இறுகிப் பிடிச்சிருக்கும். உன் ஆளு!”

உலகம்மை கம்பியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வண்டி எங்க நிக்கு?”

“கரையில.”

“கரை எப்படி இருக்கு?”

“கரை கரை மாதிரி இருக்கு!”

“அண்ணாச்சி, சாய்ஞ்சு நிக்கிற தட்டுல கஞ்சியை ஊத்தினா ஒரு பக்கம் நெறைஞ்சிருக்கும், ஒரு பக்கம் காஞ்சிருக்கும். எந்தப் பக்கத்தைப் பாத்துட்டு வந்திய?”

“எனக்குப் பாடம் எடுக்காத.”

“சமமா நிறுத்திப் பாருங்க.”

“நான் கேட்டதுக்கு...”

“சமமா நிறுத்திப் பாருங்க” என்று மறுபடியும் சொன்னாள். அதே குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் அவனுக்கு ஆகவில்லை. அவள் கத்தினால் அவனும் கத்தலாம்.

*

கம்பியைச் சொருகி வண்டியைக் கிளப்பினான். வயலை ஒட்டி இருந்த சிமெண்டுக் களத்துக்குக் கொண்டுவந்தான். சீறிக்கொண்டு வந்து நிறுத்தினான். நிறுத்திய கையோடு இறங்கிக் கம்பியை உருவினான். துடைத்தான், சொருகினான், உருவினான்.

அப்போதும் குறைவுதான். கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே.

உலகம்மை கஞ்சிக் குடத்தோடு களத்து ஓரத்தில் வந்து நின்றாள். மலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

“துடைச்சாச்சு. சமத்துல நிக்கு. அப்பவும் கொறைவுதான். ஊத்தட்டுமா?”

“வேண்டாம்.”

“ஏன்?”

“இப்பத்தானே ஓடுச்சு. ஏறினது இறங்கட்டும்.”

“என்னையா சொல்லுத?”

“ஆயிலைச் சொல்லுதேன். ஓடும்போது இன்ஜினுக்குள்ள மேல ஏறிச் சுத்திக்கிட்டிருக்கும். அணைச்ச உடனே அடிக்கு வராது. நேரம் ஆகும். அதுவரைக்கும் கம்பி பொய்தான் சொல்லும்.”

“எவ்வளவு நேரம்?”

“இறங்குற வரைக்கும்.”

மலைக்குப் போகிற கூட்டம் ஒன்று வந்தது. உலகம்மை அவர்கள் பக்கம் திரும்பிக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தாள். ஒருவருக்கு உப்பு போதவில்லை. ஒருவருக்கு ஊறுகாய் வேண்டும். அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

வீரபாகு வண்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

வயலில் தண்ணீர் பெருகி நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட நிற்கிறவர்கள் என்று அவன் நினைத்திருந்த ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து, அவன் எப்போது வண்டியை எடுப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண்பிள்ளை சொன்னதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இறங்கட்டுமாம். எது இறங்கட்டும்? இருபது வருஷத்துக்கு மேல் இந்த மடத்து மண்ணில் நின்றவனுக்கு எப்போது ஊற்ற வேண்டும் என்று தெரியாதா?

கொட்டகைக்குப் போனான். ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேல் மூடியைத் திறந்து ஊற்றினான். கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தான். கை நிற்கவில்லை. கேன் காலியானதும்தான் நின்றது.

மூடியைத் திருகினான். கம்பியைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

உலகம்மை திரும்பிப் பார்ப்பதற்குள் தொழிக்கு மாட்டிய இரும்புச் சக்கரம் வயலுக்குள் இறங்கிவிட்டது.

*

உலகம்மை ஓட்டுவதைப் பார்த்துப் பழகியதில், தொழி அடிப்பது வீரபாகுவுக்குக் கை வந்த வேலை. வண்டியின் இரும்புச் சக்கரம் சேற்றைக் கிழித்துப் புரட்ட வேண்டும். அவசரப்படக் கூடாது. தண்ணீரும் மண்ணும் கலந்து மாவு மாதிரி ஆகிற வரை ஒரே சீராகப் போய் வர வேண்டும்.

அன்றைக்கு அவன் சீராகப் போகவில்லை. வண்டியை விரட்டினான். திருப்பத்தில் வரப்பில் ஏற்றி இறக்கினான். சேறு ஆள் உயரம் தெறித்தது. கொக்குகள் எழுந்து பறந்து தூரப் போய் உட்கார்ந்தன.

முதலில் புகை வந்தது. நீலமாக, நாற்றத்தோடு. அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில் உள்ளே நுரைத்து எரிகிற புகை. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் நிறுத்தவில்லை.

வரப்பிலிருந்து யாரோ கையை ஆட்டினார்கள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வண்டியின் முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சீற்றம் கேட்டது. ரேடியேட்டர் கொதிக்கிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் களத்தில் ஏற்றினான். நிறுத்தினான். குதித்தான்.

“இது ஒரு வண்டி!” என்று கத்தினான். “இது ஒரு மடம்!”

தோளிலிருந்த துண்டை ரேடியேட்டர் மூடிமேல் போட்டான். இரண்டு கையாலும் பிடித்தான். திருகினான்.

அப்போது அவனை ஏதோ வந்து இடித்தது. மாடு முட்டினாற்போல இருந்தது. பக்கவாட்டில் போய்க் களத்து விளிம்புச் சேற்றில் விழுந்தான். விழும்போதே பின்னால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மூடி பறந்தது. கொதிநீரும் ஆவியும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிச் சிமெண்டுத் தரையெல்லாம் கொட்டின.

உலகம்மை நின்றுகொண்டிருந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெந்து சிவந்திருந்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள்.

“கிட்ட வராதீங்க!” என்று அலறினாள். ஓடி வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவள் கத்தி யாரும் கேட்டதில்லை.

அவள் வீரபாகுவைப் பார்த்தாள்.

“அறிவு கெட்ட மனுசா! நான் சொன்னது என்ன?”

அவன் சேற்றில் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான்.

“சொல்லுங்க! நான் சொன்னது என்ன? ஆயிலும் தண்ணியும்னு சொன்னேன். தண்ணி பாத்தியளா?”

அவன் வேட்டியில் ஒட்டிய சேற்றை உதறினான்.

“வாயைத் திறங்க! தண்ணி பாத்தியளா?”

பார்க்கவில்லை. கம்பியோடு நடந்த சண்டையில் தண்ணீர் அவனுக்கு ஞாபகமே வரவில்லை. முந்தின நாளே ரேடியேட்டர் பாதி காலியாகியிருக்கும். ஒரு குடம் ஊற்றியிருந்தால் போதும்.

“எல்லார் முன்னாலயும் என்னைப் பிடிச்சுத் தள்ளிட்ட” என்றான். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“தள்ளலைன்னா உங்க மூஞ்சி வெந்திருக்கும்!”

“வெந்தா வேகட்டும்!”

“வேகட்டுமா? வெந்த மூஞ்சிக்கு மருந்து போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க எனக்கு நேரம் இல்ல! எனக்கு நெல்லு வேணும்! நாளைக்குக் காலையில சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்களே, அவங்க சட்டியில எதை ஊத்தச் சொல்லுதிய? உங்க கோவத்தையா?”

யாரோ குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினார்கள். அவள் பல்லைக் கடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அப்போதும் அவள் கோபம் தணியவில்லை.

“சூடா இருக்கும்போது திறக்கக் கூடாது. இது தெரியாதா உங்களுக்கு? இது தெரியாதா?”

வீரபாகுவுக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

*

பக்கத்து ஊர் நர்ஸ் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அன்று மிச்சப் பொழுதில் வண்டியை யாரும் தொடவில்லை. பாதி அடித்த வயலில் தண்ணீர் சும்மா நின்றது.

விடிந்ததும் வீரபாகு மூட்டையோடு கிளம்பினான். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, பெரியவரின் செருப்பு. கூட வர ஆளிருக்கிறது என்று சொன்னவன் யாரையும் எழுப்பவில்லை.

சாலைக்குப் போகிற வழி களத்தைத் தாண்டித்தான் போகிறது.

வண்டி அங்கேயே நின்றது. மூடி திறந்த ரேடியேட்டர், நேற்று வழிந்த ஆயில், சேறு காய்ந்து வெடித்த சக்கரம்.

தாண்டிப் போனான். போய்விட்டுத் திரும்பினான்.

ஒரு பயம் அவனைப் பிடித்திருந்தது. கொதித்த சூட்டில் உள்ளே ஏதாவது விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கும். கலந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிடும். அப்படி வெளுத்திருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். இந்தத் தண்ணீருக்கு உழவு இல்லை. உழவு இல்லையென்றால் வருஷம் முழுக்க நெல் இல்லை.

மூட்டையைத் தரையில் வைத்தான். கம்பியை உருவினான். கண்ணை மூடிக்கொண்டு உருவினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

கறுப்பு. நல்ல கறுப்பு.

வீரபாகு அப்படியே சக்கரத்தில் சாய்ந்தான்.

பிறகு கம்பியைத் துடைத்தான். சொருகினான். உருவினான். வண்டி சமத்தில் நிற்கிறது. விடிய விடிய ஆறியிருக்கிறது. இப்போது கம்பி பொய் சொல்லாது.

மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது ஆயில்.

எரிந்தும் வழிந்தும் போனது போக இவ்வளவு என்றால் நேற்றுக் குறைவே இல்லை. ஆவுடை சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

கொட்டகையிலிருந்து ஸ்பேனரும் ஒரு பழைய சட்டியும் எடுத்து வந்தான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். அடித் திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தினான். ஆயில் நூலாக ஒழுகிச் சட்டியில் விழுந்தது. எவ்வளவு விடுவது? உள்ளே தெரியாது. கொஞ்சம் விட்டு, திருகை இறுக்கி, எழுந்து கம்பியைப் பார்க்க வேண்டும். அதிகமிருந்தால் திரும்பவும் படுக்க வேண்டும். திரும்பவும் எழ வேண்டும்.

படுத்தான், எழுந்தான். முதுகெல்லாம் காய்ந்த சேறு. மறுபடியும் படுத்தான்.

நேற்றுத் தூக்கி ஊற்றியபோது ஒரு மூச்சில் முடிந்த வேலை.

ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்ததும் அடித் திருகை இறுகக் கட்டினான். வாய்க்காலில் தண்ணீர் மொண்டு துணியில் வடிகட்டி ரேடியேட்டருக்கு ஊற்றினான். அது குடித்துக்கொண்டே இருந்தது. கழுத்துவரை நிரம்பியதும் நிறுத்தினான். மூடி களத்து மூலையில் கிடந்தது. கழுவிப் போட்டுத் திருகினான். கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். புகை இல்லை. அணைத்தான். இனி ஒரு தடவை பார்க்க வேண்டும். உடனே பார்க்க முடியாது.

களத்தில் உட்கார்ந்தான்.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. நேற்று நடந்தது எல்லாம் வரிசையாக வந்தது. அவள் தள்ளியது வந்தது. அவள் கை வந்தது. பலகை வந்தது. எழுந்து போகலாம் என்றிருந்தது. ஆனால் ஆயில் இறங்கவில்லையே. உட்கார்ந்திருந்தான்.

உலகம்மை வந்தாள். வலது கை வெள்ளைக் கட்டோடு கழுத்தில் தொங்கியது. இடது கையில் கஞ்சிச் செம்பு. மூட்டையைப் பார்த்தாள். செம்பை அவன் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

“ரொம்ப எரியுதா?” என்றான்.

“எரியுது.”

அவன் கஞ்சியைத் தொடவில்லை.

“கேளுங்க” என்றாள்.

“என்னத்தை?”

“நேத்துக் கேட்டதை. பாத்துட்டு வந்தா பேசுவோம்னு சொன்னேன்ல.”

வீரபாகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“பெரியவர் எதுக்கு உன்னை உக்கார வச்சாரு?”

“தெரியாது.”

“விளையாடாத.”

“தெரியாது அண்ணாச்சி. சத்தியமாத் தெரியாது. நான் அவர்கிட்டக் கேக்கலை.”

“ஏன் கேக்கலை?”

உலகம்மை கட்டுப் போட்ட கையை மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

“எனக்குக் கோவம். வேணுமா வேண்டாமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா அவரு? நான் எங்கிருந்தோ தப்பிச்சு வந்து, வண்டி உண்டு வயல் உண்டுன்னு இருந்தேன். அந்தப் பலகையைத் தள்ளிவிட்டுட்டாரு. நீங்கள்லாம் வெளிய போன பெறகு கத்தினேன். அண்ணாச்சிக்குக் குடுங்க, எனக்கு வேண்டாம்னு கத்தினேன். பேசாமப் படுத்திருந்தாரு. எந்திரிச்சு வந்து வண்டியை எடுத்தேன். கோடை உழவு உழுதேன். உழுத வயலையே திரும்பத் திரும்ப உழுதேன். அவரு மூஞ்சியில முழிக்கலை. கோவம் இறங்கினதும் போய்க் கேப்போம்னு இருந்தேன்.”

“அப்புறம்?”

“ஆவுடை வரப்புல ஓடி வந்து கையைக் காட்டுதான். வண்டியை நிறுத்தினேன். பெரியவர் போயிட்டாரு. அவ்வளவுதான்.”

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

வீரபாகுவுக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. உள்ளே அவன் பெரியவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். வெளியே டிராக்டர் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. பலகை கிடைத்த கொண்டாட்டம் என்றுதான் அவன் நினைத்தான். ஜன்னலைச் சாத்தப் போனான். பெரியவர் சாத்த விடவில்லை.

“கடைசியா ஒண்ணு கேட்டாரு” என்றான்.

உலகம்மை தலையைத் தூக்கினாள்.

“உன்கிட்டச் சொல்லலை. சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“என்ன கேட்டாரு?”

“‘வண்டிச் சத்தம் கேக்குதா’ன்னு கேட்டாரு. கேக்குதுன்னேன். ‘இன்னும் கோவமாத்தான் ஓட்டுதாளா’ன்னு கேட்டாரு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நீங்க என்ன சொன்னிய?”

“ஒண்ணும் சொல்லலை. எனக்கும் கோவம். மூஞ்சியை அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டேன்.”

“அவரு?”

“சிரிச்சாரு. சத்தமா இல்ல. வயிறு மட்டும் குலுங்குச்சு. பெறகு பேசலை.”

உலகம்மை கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கட்டுப் போட்ட கை. வலித்தது. முகத்தைச் சுளித்தாள். சுளித்த முகம் என்ன நினைத்ததோ, சிரிக்க ஆரம்பித்தது. முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு.

வீரபாகு அவளையே பார்த்தான்.

“நல்ல ரெண்டு கோவக்காரங்களைத்தான் வளத்துவிட்டுப் போயிருக்காரு மனுசன்” என்றாள்.

வீரபாகு செம்பை எடுத்துக் கஞ்சியைக் குடித்துவிட்டு, மூட்டையை அங்கேயே விட்டுக் கம்பியை உருவப் போனான்.